வாசலில் கிடந்த ஆண் செருப்பு

வாசலில் கிடந்த செருப்பு இடம் மாறியிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் எபியேரே அதைச் சுவரோரம் ஜோடியாக வைத்திருந்தாள். காலையில் கதவைத் திறந்தால் ஒன்று மிதியடி மேலே, இன்னொன்று மாடிப்படி பார்த்துத் திரும்பிக் கிடக்கிறது. யாரோ போட்டுக்கொண்டு போய் வந்து கழற்றிவிட்டது போல. ஆனால் அந்தச் செருப்பைப் போடுவதற்கு அந்த வீட்டில் ஆளே கிடையாது.

நைஜீரியாவின் லாகோஸில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு கொடுக்க மாட்டார்கள். கொடுக்கவே மாட்டார்கள் என்றில்லை, ஆயிரம் கேள்வி கேட்டுவிட்டு அப்புறம் கொடுக்க மாட்டார்கள். எபியேரே ஷொமொலுவில் ஓர் அச்சகத்தில் தாள் மடிப்பவள். சித்தி மகளோடு ஒரே அறையில் நெருக்கியடித்துக் கிடந்து சலித்துப்போய் வீடு தேடக் கிளம்பினாள். முதல் தரகன் ஒரே வீட்டை அவளையும் சேர்த்து நாலு பேருக்கு வாடகைக்கு விட்டுவிட்டுக் காணாமல் போனான். நாலு பேரும் ஒரே நாளில் மெத்தையோடு வந்து வாசலில் நின்றார்கள். அன்றிலிருந்து அவள் இந்த ஊரில் யாரையும் நம்புவதில்லை. ரொட்டி வாங்கினால்கூட அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவாள்.

இரண்டாவது தரகன் குன்லே விவரமானவன். "வீட்டுக்காரர் பாபா லாசிசி, புருஷன் இல்லாத பொம்பளைக்கு வீடு தர மாட்டாரு. நான் ஒரு புருஷன் ஏற்பாடு பண்றேன்" என்றான். அவனுடைய ஒன்றுவிட்ட தம்பி தொப்பி வைத்துக்கொண்டு வந்து அரைமணி நேரம் அவளுக்குப் புருஷனாக இருந்தான். துறைமுகத்தில் வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னான். போகும்போது பஸ் காசு கேட்டு வாங்கிக்கொண்டு போனான். அவ்வளவுதான் அவளுடைய இல்லறம்.

கையில் இருந்ததையெல்லாம் இரண்டு வருட வாடகையாகக் கொட்டியாயிற்று. பொய் வெளிப்பட்டால் வீடும் போகும், பணமும் போகும். சித்தி மகள் வீட்டிலோ அவள் படுத்த இடத்தில் இப்போது தையல் மிஷின் நிற்கிறது. அதனால்தான் யாபா சந்தையில் பெரிய தோல் செருப்பு ஒன்று வாங்கி வாசலில் போட்டாள். கொடியில் ஆண்கள் கால்சட்டை காயப் போட்டாள். கேட்டருகே அகாரா என்ற பயறு வடை சுடும் எதிர்வீட்டு இத்தோகானிடம் இரண்டு பேருக்கு வாங்கி, இரண்டு பேர் பங்கையும் தானே தின்று, இடுப்பில் சதை போட்டுவிட்டது.

இப்போது செருப்பு நடக்கிறது. ஒரு நாள் அல்ல, வாரத்தில் நாலைந்து நாள். குன்லே மாற்றுச்சாவி வைத்திருக்கிறான், அந்தத் தம்பிக்காரன்தான் வந்து போகிறான் என்று நினைத்துப் பூட்டை மாற்றினாள். கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்தாள். செருப்பு நிற்கவில்லை. போதாததற்கு வீட்டுக்காரர் ஒருநாள் படியில் நிறுத்தி, "உன் புருஷன் விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிடறானாமே. நல்ல உழைப்பாளி" என்றார். இவருக்கு யார் சொன்னது?

சந்தேகமெல்லாம் கடைசியில் எதிர்வீட்டு இத்தோகான் மேல்தான் போய் நின்றது. எபியேரே கதவைத் திறந்தால் எதிரே திரைச்சீலை அசையும். அகாரா பொட்டலத்தை நீட்டும்போது, "உன் ஆளுக்கு மிளகாய் தூக்கலா போடவா?" என்று ஒரு மாதிரி சிரிப்பாள். அவளுடைய புருஷன் லாரி ஓட்டுகிறவன் என்று பேச்சு. எபியேரே அவனைப் பார்த்ததில்லை. கதவுக்குப் பின்னால் கால்பந்து வர்ணனை மட்டும் ரேடியோவில் அலறும். உளவு பார்க்கிறாள், சமயம் பார்த்து வீட்டுக்காரரிடம் போட்டுக் கொடுத்துவிடுவாள் என்று எபியேரே முடிவே கட்டிவிட்டாள்.

எபியேரே குடிவந்த பின் முதல் மாதக் கடைசிச் சனிக்கிழமை வந்தது. அரசாங்க உத்தரவுப்படி அன்று காலை பத்து மணி வரை ஊரே வீட்டை விட்டு வெளியே போகாமல் பெருக்கிக் கழுவும். பாபா லாசிசி வீட்டில் கூடுதலாக ஒரு சட்டம் உண்டு. சாக்கடையில் இறங்க வேண்டியது அந்தந்த வீட்டு ஆண்பிள்ளை. மற்ற வீட்டு ஆண்கள் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். எபியேரே துடைப்பத்தோடு போய் நின்றாள்.

"நீ எதுக்கு வர்ற? உன் புருஷன் எங்க?"

"வேலைக்குப் போயிட்டாரு, பாபா."

"எப்படிப் போவான்? கேட்டைப் பூட்டிட்டு சாவிய இடுப்புல வெச்சிட்டு நான் இங்கதான உக்காந்திருக்கேன்?"

எல்லாரும் மண்வெட்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இத்தோகான் எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று எபியேரே நினைத்தாள்.

"நீங்க காலைத் தொழுகைக்குப் போயிருந்தீங்களே பாபா, அப்பத்தான் போனாரு" என்றாள் இத்தோகான். "நான்தான அகாரா கட்டிக் கொடுத்தேன். நல்ல மனுஷன், மிச்சக் காசுகூட வாங்கிக்கல."

பாபா லாசிசி தாடியைச் சொறிந்தார். நம்பியும் நம்பாமலும் இத்தோகான் பக்கம் திரும்பினார். "சரி, உன் ஆளு எங்க? போன மாசமும் வடக்க கானோவுக்கு லாரி ஓட்டிப் போயிருக்கான்னு சொன்ன, அதுக்கு முந்தின மாசமும் கானோ. இன்னிக்கு உள்ள ரேடியோ பாடுது. நானே கூப்பிடறேன்."

அவர் விறுவிறுவென்று படியேறினார். இத்தோகானின் முகம் சுண்டிப்போனது. அந்த முகத்தைப் பார்த்ததும் எபியேரேவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பொய் பிடிபடப் போகிறவளின் முகம்; சற்றுமுன் எபியேரேவுக்கு இருந்த அதே முகம். வீட்டுக்காரர் கையை ஓங்கிக் கதவைத் தட்டப் போனபோது எபியேரே தன்னையறியாமல் கத்தினாள்:

"பாபா, தட்டாதீங்க! அவருக்கு அம்மை! உடம்பு பூரா கொப்புளம். நான் கண்ணால பார்த்தேன்."

தட்டப் போன கை அப்படியே அங்கியில் துடைத்துக்கொண்டது. பாபா லாசிசி வந்த வேகத்தைவிட வேகமாகக் கீழே இறங்கினார்.

பத்து மணிக்குக் கேட் திறந்ததும் இத்தோகான் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, அம்மையா? வேற வியாதியே உனக்குக் கிடைக்கலயா? இனிமே என் கையால எவ அகாரா வாங்குவா?"

"நான் வாங்கறேன் அக்கா. ரெண்டு பேருக்கு." சொல்லிவிட்டு எபியேரே குரலைத் தாழ்த்தினாள். "செருப்பு..."

"நான்தான். ரெண்டு வாரமா ஒரே இடத்துல கெடந்தா அது புருஷன் செருப்பா, செத்தவன் செருப்பா? அந்தக் கெழவன் கண்ணுல பட்டா என்ன ஆவுறது? சொல்லிக் குடுக்கலாம்னா நீ மூஞ்சி குடுத்துப் பேசினாத்தான."

எபியேரேவுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக அழுகை வந்தது. இந்த ஊருக்கு வந்து இத்தனை காலத்தில் அவளுக்காக ஒருத்தர் காசு வாங்காமல் பொய் சொன்னது இதுதான் முதல் தடவை.

"உங்க புருஷன் நெஜமா எங்க அக்கா?"

"கானோவுக்கு லோடு ஏத்திட்டுப் போனவன்தான். இன்னும் வந்துக்கிட்டே இருக்கான். உன்னோடது?"

"இருந்ததே இல்ல."

இத்தோகான் வாசலுக்குப் போய் அந்தப் பெரிய செருப்பைக் காலால் தள்ளி மிதியடி மேல் கோணலாக விட்டாள்.

"அப்ப உன்னோடதுதான்டி நல்ல புருஷன். செருப்ப விட்டுட்டு எங்கயும் போக மாட்டான்."