செய்திக்குக் கீழே

இடது உள்ளங்கையைத் திரையின் மேல் வைத்து, பெயர் வரும் இடத்தை மறைத்துக்கொண்டுதான் பிரிசில்லா வாசகர்களின் கருத்துகளைப் படிக்கிறார். கடைசி வரிவரை படித்த பிறகே கையை எடுத்து, எழுதியவர் யாரென்று பார்க்கிறார். “யாருன்னு முதல்ல பாத்துட்டா கோவம் வந்துடும். அப்புறம் என்ன சொல்லியிருக்காங்கன்னே கண்ணுல படாது” என்பது அவர் விளக்கம். வசவாக இருந்தால் எழுந்து நின்று படிப்பார். பதில் எழுத மட்டும் உட்காருவார்.

சிதம்பரம் மேலவீதியில் சபேஷ் நடத்தும் பிரவுசிங் சென்டரில் ஜன்னலோரத் தடுப்பு அவருடையது. என் கட்டுரைகளைத் தட்டச்சு செய்ய நானும் அங்கே போகிறவன். அடுத்த தடுப்பிலிருந்து அவரைக் கவனிக்கும் வாய்ப்பு அப்படித்தான் கிடைத்தது. முப்பதைத் தாண்டிய வயது. இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை, வெயிலில் வெளுத்த சுடிதார், வார் அறுந்து முடிச்சுப் போட்ட ரெக்சின் பை. கடலூரிலிருந்து வரும் ‘நடுநாட்டுச் செய்தி’யின் நிருபர். காலையில் பஸ் பிடித்துக் கடலூர் போவார். ஊர் சுற்றி, மஞ்சக்குப்பம் அலுவலகத்தில் செய்தியைக் கொடுத்துவிட்டு மாலையில் சிதம்பரத்தில் இறங்கியதும் வீட்டுக்குப் போவதில்லை. நேரே சபேஷின் கடைக்குத்தான்.

பத்திரிகைக்கு இணையதளம் வந்தது 2010-இல். ஒவ்வொரு செய்திக்குக் கீழும் வாசகர்கள் எழுத இடம் விட்டார்கள். வந்தவற்றில் பாதிக்கு மேல் வசவு என்றதும் அலுவலகத்தில் மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். பிரிசில்லா மட்டும் விடாமல் பதில் எழுதினார். ஆசிரியர் தட்சிணாமூர்த்திக்கு அதில் உடன்பாடு இல்லை. “வேலவெட்டி இல்லாதவனுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டு இருக்காதம்மா” என்றார். “வாசல்ல வந்து நின்னு ஒருத்தர் கூப்புடுறாரு சார். உள்ள உக்காந்துகிட்டு ஆள் இல்லாத மாதிரி இருக்க முடியுமா?” என்று கேட்டார் இவர். அதற்குப் பிறகு ஆசிரியர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வருகிற கருத்துகளைப் படித்து, அனுமதித்துத் தளத்தில் விடும் பொறுப்பும் இவர் தலையில் விழுந்தது.

‘வணக்கம். இந்தச் செய்தியை எழுதியது நான்தான்’ என்றுதான் அவர் பதில்கள் தொடங்கும். புவனகிரிப் பக்கத்து ஊர் ஒன்றைக் காட்டுமன்னார்கோயிலோடு சேர்த்து எழுதிவிட்டார் ஒருமுறை. ‘அந்தப் பக்கம் பஸ்ஸில்கூடப் போனதில்லையா’ என்று ஒருவர் கேட்டிருந்தார். ‘போயிருக்கிறேன். போயும் தவறாக எழுதிவிட்டேன். திருத்திவிட்டேன், நன்றி’ என்று எழுதினார். கேட்டவரிடமிருந்து பிறகு சத்தமே இல்லை.

அடங்காத ஒருவரும் இருந்தார். புனைபெயர் ‘புவனகிரியான்’. சொந்த ஊர் புவனகிரி, வேலை மஸ்கட்டில். வெள்ளாற்றில் மணல் அள்ளுவதைப் பற்றி பிரிசில்லா எழுதியது அவருக்குப் பொறுக்கவில்லை. அதிலிருந்து இவர் எதை எழுதினாலும், கோயில் திருவிழா என்றாலும் சாலை விபத்து என்றாலும், கீழே வந்து நிற்பார். ‘ஏசி ரூமில் உட்கார்ந்து கதை கட்டுகிறார்கள்’ என்று எழுதுவார். ‘எங்கள் அலுவலகத்தில் மின்விசிறியே ஒன்றுதான். அதுவும் ஆசிரியர் தலைக்கு மேல்’ என்று இவர் பதில் போடுவார். சில நாள் அவர் வார்த்தைகள் எல்லை மீறும். அன்று பிரிசில்லா வெகுநேரம் நின்றுகொண்டே இருப்பார்.

2011 டிசம்பர் முடிகிற நேரத்தில் ‘தானே’ புயல் கடலூரில் கரை ஏறியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்தன. செல்போன் வேலை செய்யவில்லை. கடலூர் அலுவலகம் இருட்டில் கிடந்தது. சிதம்பரத்தில் மின்சாரம் வந்து வந்து போனது. போன நேரத்துக்குச் சபேஷ் ஜெனரேட்டர் வைத்திருந்தார்.

செய்திக்குக் கீழே வசவு நின்றுபோய், கேள்விகள் வரத் தொடங்கின. துபாயிலிருந்து, தோஹாவிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து. ‘எங்க தெரு தப்பிச்சதா?’ ‘அப்பா போன் எடுக்கல, யாராவது பார்த்தீங்களா?’ பிரிசில்லா ஊர்ப் பெயர்களை மனதில் வாங்கிக்கொண்டு, அலுவலக மொபெட்டில் கிளம்பினார். மரம் கிடந்த இடங்களில் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தார். நலம் என்று மட்டும் எழுதினால் யாரும் நம்பவில்லை. அதனால் வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டு வாங்கி வந்தார். “செவலக் கன்னுக்குட்டிய அவுத்துவுட்டுட்டேன், இன்னும் தேடிக்கிட்டு இருக்கேன்னு சொல்லுங்க” என்றாள் ஒரு பெண். அதை அப்படியே எழுதினார். ‘இது என் சம்சாரம் பேச்சுதான்’ என்று தோஹாவிலிருந்து பதில் வந்தது. அன்றிலிருந்து அந்த இடத்தில் பிரிசில்லா எழுதும் வரிக்காக மட்டும் பலர் காத்திருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் பொன்னுரங்கம். மஸ்கட்டில் உயரமான கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிற வேலை. ஊர் அண்ணாகிராமத்தை ஒட்டிய ஒரு குக்கிராமம். ‘அம்மா பேரு கொளஞ்சியம்மாள். சம்சாரம் லோகநாயகி. தோப்பு ஓரம் வீடு. பாத்துட்டு சொல்லுங்க அக்கா’ என்று ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியிருந்தார். ‘நாளை போகிறேன்’ என்று பிரிசில்லா பதில் எழுதினார்.

தோப்பு ஓரத்து வீட்டின் மேல் ஒரு பலா மரம் படுத்திருந்தது. மண்சுவர் சரிந்ததில் கொளஞ்சியம்மாள் இறந்துபோயிருந்தார். பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் கொள்ளி வைத்து, மறுநாள் பால் தெளிக்கும் சடங்கும் முடிந்துவிட்டது. லோகநாயகி பக்கத்து வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கொளஞ்சியம்மாளின் அண்ணன் பக்கிரிதான் பேசினார்.

“அவனுக்கு எழுதிடாதம்மா. அவன் வானத்துல ஏறி நிக்கிறவன். கேட்ட நிமிசம் கால் நிக்காது. தொணைக்கு அங்க யாரு இருக்கா? பாஸ்போர்ட் கம்பெனிக்காரன்கிட்ட கெடக்குது, நெனச்சா ஓடியாரவும் முடியாது. எல்லாரும் நல்லா இருக்கோம்னு போட்டுடு. லைன் வந்ததும் நாங்களே பக்குவமா சொல்லிக்கிறோம்.”

“அப்படி எழுத முடியாதுங்க பெரியவரே.”

“ரெண்டு நாளைக்குப் பொய் சொன்னா இன்னா கெட்டுப்போவுது?”

“இவருக்கு ஒரு பொய் எழுதுனேன்னா, மத்தவங்களுக்கு நல்லா இருக்காங்கன்னு எழுதுனது எதையும் நம்ப மாட்டாங்க. அவுங்களுக்கும் என்னை உட்டா வேற வழி இல்ல.”

பக்கிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். லோகநாயகி தலையைத் தூக்கினாள். “நீங்க எழுதாம இருந்தாலே அவருக்குத் தெரிஞ்சிடும்க்கா. எல்லாருக்கும் பதில் வந்து, தனக்கு மட்டும் வரலன்னா அவருக்குப் புரியாதா?”

பிரிசில்லா அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். “அப்ப நீயே சொல்லு. சிதம்பரத்துல போன் வேலை செய்யுது. காலையில நானே வந்து கூட்டிட்டுப் போறேன்” என்றார். “நான் எந்த வாயால சொல்லுவேன்?” என்று லோகநாயகி கேட்டாள். ஆனால் வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

மஞ்சக்குப்பம் அலுவலகத்தில் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு ஆசிரியர் காத்திருந்தார். புதுச் செய்தி என்ன என்றார்.

“ஒரு சாவு இருக்கு சார். நாளைக்கு வேணாம். மறுநாள் போட்டுக்கலாம்.”

“இது செய்திம்மா. நாம போடலன்னா இன்னொருத்தன் போடுவான்.”

“அந்தம்மாவோட புள்ள நம்ம சைட்டத்தான் பாத்துக்கிட்டு இருக்காரு சார்.”

தட்சிணாமூர்த்தி மெழுகுவர்த்தியைத் தள்ளி வைத்தார். பிறகு வேறு செய்தியைக் கேட்டார்.

அன்று மாலை சபேஷின் கடையில் நான் இருந்தேன். பிரிசில்லா வந்து உட்கார்ந்தபோது பொன்னுரங்கத்திடமிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகள் வந்திருந்தன: ‘அக்கா போனீங்களா?’ ‘அக்கா வந்துட்டீங்களா?’ இடையில் புவனகிரியானும் இருந்தார்: ‘அண்ணாகிராமம் போவதாகச் சொன்ன நிருபர் எங்கே? பாவம் அந்த ஆள் காத்துக் கிடக்கிறார். இதுதான் உங்கள் சேவையா?’

பிரிசில்லா எழுதினார்: ‘போனேன். லோகநாயகியைப் பார்த்தேன். நாளைக் காலை சிதம்பரத்திலிருந்து அவரே உங்களிடம் பேசுவார். உங்கள் எண்ணைத் தாருங்கள். காலையில் வேலைக்குப் போகாதீர்கள்.’

எண் உடனே வந்தது. அதற்குக் கீழே ஒரே ஒரு சொல்.

‘அம்மா?’

பிரிசில்லா எழுந்து நின்றார். வசவில்லாத ஒன்றுக்கு அவர் எழுந்ததை அன்றுதான் பார்த்தேன். ஜெனரேட்டர் அதிர்ந்துகொண்டிருந்தது. சபேஷ் வந்து திரையைப் பார்த்தார். நடந்ததைப் பிரிசில்லா தாழ்ந்த குரலில் எங்கள் இருவரிடமும் சொன்னார்.

“பேசாம மூடிட்டுப் போயிடுங்கக்கா. இங்க கரண்ட் போயிடுச்சுன்னு நெனச்சுக்குவாரு” என்றார் சபேஷ்.

“நெனச்சுக்க மாட்டாரு சபேஷ்.”

உட்கார்ந்து ஒரு சொல்லை அடித்தார். அழித்தார். மறுபடி அடித்தார், அழித்தார். பிறகு பழைய கருத்து ஒன்றைத் தேடித் திறந்து, கருத்து எழுதுகிறவர்கள் தர வேண்டிய மின்னஞ்சல் முகவரியைப் பார்த்தார். அது புவனகிரியானுடையது. அவருக்கு எழுதியதை நான் பார்த்தேன். ‘வணக்கம். நான் பிரிசில்லா. பொன்னுரங்கத்தின் தாயார் இறந்துவிட்டார். அவருக்கு இன்னும் தெரியாது. மனைவி நாளைக் காலை சொல்லப்போகிறார். அப்போது அவர் பக்கத்தில் நம் ஊர் ஆள் ஒருவர் இருக்க வேண்டும். நீங்கள் மஸ்கட்டில் இருக்கிறீர்கள். போக முடியுமா?’ கீழே பொன்னுரங்கத்தின் எண்ணைக் கொடுத்தார்.

“இந்தாளுக்கா எழுதுறீங்க?” என்றேன். “இத வெளியில போட்டுட்டா என்ன செய்வீங்க?”

“போட்டாலும் போடுவாரு” என்றார். உள்ளங்கைகளைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே இருந்தார். சபேஷ் வாங்கி வந்த டீ ஆடை கட்டியது. கடைசியில் பதில் வந்தது. வணக்கம் இல்லை, பெயர் இல்லை. ‘எந்த லேபர் கேம்ப்? போன் செய்தால், தெரியாத ஆளுக்கு இடம் சொல்லமாட்டேன் என்கிறார். நீங்கள் கேட்டு எழுதுங்கள்.’

பிரிசில்லா பொன்னுரங்கத்துக்கு எழுதினார்: ‘அம்மாவைப் பற்றி லோகநாயகி சொல்வார். நம் பக்கத்துக்காரர் ஒருவர் உங்களிடம் வருகிறார். தங்கும் இடத்தைச் சொல்லுங்கள். அவர் வரும்வரை அறையைவிட்டு எங்கும் போகாதீர்கள்.’ இடத்தின் பெயர் மட்டும் வந்தது. வேறு கேள்வி வரவில்லை.

“புரிஞ்சிருக்கும்” என்றார் பிரிசில்லா, யாரிடம் என்றில்லாமல். “நான் சொல்லல. ஆனா புரிஞ்சிருக்கும்.”

மறுநாள் காலை லோகநாயகி வந்தாள். வரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்ட பக்கிரியும் பின்னாலேயே வந்திருந்தார். சபேஷ் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு எண்ணைச் சுற்றிக் கொடுத்தார். லோகநாயகி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“நான்தாங்க… கேக்குதா… ம்… அத்தை நம்மள உட்டுட்டுப் போயிட்டாங்க.”

அந்தப் பக்கத்திலிருந்து எதுவும் வரவில்லை. பக்கிரி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். லோகநாயகி, “என்னங்க… என்னங்க…” என்று மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரிசீவர் நழுவப்போன நேரத்தில் பிரிசில்லா அதை வாங்கிக் காதில் வைத்தார். எங்களுக்கும் கேட்கிற அளவுக்கு உரத்த, கரகரத்த ஒரு குரல் பேசியது.

“பயப்படாதம்மா. நான் ராத்திரியே வந்துட்டேன். புடிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன். அழுவட்டும், அழுதாத்தான் நல்லது.”

“நான் பிரிசில்லா பேசுறேங்க” என்றார் இவர்.

“மேடம், நீங்க எழுதுன மணல் செய்தி தப்புதான். அதுல மாத்தம் இல்ல. இவர நான் பாத்துக்குறேன். அந்தப் பொண்ணுகிட்ட குடுங்க.”

பிரிசில்லா ரிசீவரை லோகநாயகியிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

கொளஞ்சியம்மாளின் சாவு அடுத்த நாள் பத்திரிகையில் வந்தது. வேறு எந்தப் பத்திரிகையிலும் அதற்கு முன் வரவில்லை. பொங்கல் கழிந்து ஊர்களுக்கு ஒவ்வொன்றாக விளக்கு வந்தது. போன்கள் பேசத் தொடங்கியதும் பிரிசில்லாவின் வரிக்காகக் காத்திருந்தவர்கள் காணாமல் போனார்கள். புவனகிரியான் போகவில்லை. நிவாரணம் பற்றிய செய்திக்குக் கீழே, ‘அதிகாரி சொன்னதை அப்படியே அச்சடிக்க எதற்கு நிருபர்?’ என்று பழைய சூட்டோடு கேட்டிருந்தார். பிரிசில்லா அதற்கு விரிவாகப் பதில் எழுதினார். இரண்டு பேரும் அந்தக் காலைப்பொழுதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

பொன்னுரங்கத்தின் கருத்து அதற்குப் பிறகு ஒரு மாலையில் வந்தது. தாயாரின் சாவுச் செய்திக்குக் கீழே எழுதியிருந்தார். பிரிசில்லா அதை எனக்கும் சபேஷுக்கும் கேட்கும்படி மெல்ல வாசித்தார்.

‘என் அம்மா செத்தது உங்களுக்கு அன்னைக்கு மதியமே தெரியும். உலகத்துக்கே பதில் சொன்னீங்க. நான் பேரு சொல்லி கேட்டேன். எனக்கு மட்டும் ஒரு ராத்திரி பூரா சொல்லல. நீங்கள்லாம் ஒரு நிருபரா?’

“அக்கா, இத யாரும் இன்னும் பாக்கல. அழிச்சிடுங்க” என்றார் சபேஷ். “அவருக்காக நீங்க அலைஞ்சது அவருக்கு எங்க தெரியப்போவுது?”

பிரிசில்லா மவுஸைப் பிடித்தார். அழிக்கவும் அனுமதிக்கவும் இரண்டு பொத்தான்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பொன்னுரங்கத்தின் கருத்துக்கு முன்னால் வரிசையில் வேறு பல கருத்துகள் காத்திருந்தன. அவற்றையெல்லாம் தாண்டி இறங்கி, பொன்னுரங்கத்தின் கருத்துக்கு எதிரே இருந்த ‘அனுமதி’யை முதலில் அழுத்தினார்.