ஜன்னலுக்குக் கீழே விழுந்த காசுகள்

முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவருக்குத் தெருவில் கோழி என்று பெயர். காலையில் கிளம்பினால் எட்டரை மணி வரை தலை நிமிராது. கழுத்தை முன்னே நீட்டி, நாலடிக்கு ஒருமுறை நின்று, தரையைக் கொத்துகிற மாதிரி குனிவார். யாரோ தவறவிட்ட காசைத் தேடி எடுப்பது அவர் பொழுதுபோக்கு. பென்ஷன் வருகிறது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனாலும் பஸ் நிறுத்தம், டீக்கடை வாசல், சாக்கடை மூடியின் விளிம்பு என்று ஓர் இடம் விடமாட்டார்.

“ரோட்டைப் பார்த்து ஓட்டினது போதாதா? இன்னும் என்னங்க அங்க தேடுறீங்க?” என்பாள் மனைவி.

“நீ சீரியல் பார்க்கிற, நான் தரையைப் பார்க்கிறேன். உன் சீரியல்ல ஒரு ரூபா விழுமா?”

காசின் முகத்தைப் பார்த்தே அது கிடந்த காலத்தைச் சொல்லிவிடுவார். விளிம்பில் மண் இறுகியிருந்தால் வாரக்கணக்கு. மேலே தூசி மட்டும் என்றால் நேற்று. அவருக்கு ஒரு சட்டமும் உண்டு. காசை எடுத்ததும் சுற்றுமுற்றும் பார்க்கக் கூடாது, நடையைக் கட்ட வேண்டும். பார்த்தால் யாராவது “அது என்னோடது” என்று வந்து நிற்பார்கள். இந்தச் சட்டம்தான் ஓர் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது.

மருந்துக்கடைக்குப் பின்னால் ஒரு சந்து. கீழ்த்தளமும் முதல் மாடியும் கடையின் கிடங்கு. இரண்டாம் மாடியில் தபாலம்மாவின் வீடு. தபால் ஆபீஸில் வேலை பார்த்தவர். பக்கவாதத்தில் வலது பக்கமும் பேச்சும் போய்ப் படுத்த படுக்கையானவர். “அம்மாவை அக்கா வீட்டுல விட்டுட்டேன்” என்று மகன் எல்லாரிடமும் சொல்லியிருந்தான். வாசலில் பூட்டுத் தொங்கியது. தபாலம்மா உள்ளேதான் கிடந்தார். துடைத்துத் துடைத்து அலுத்துப்போன மகன், பூட்டிவிட்டு வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டான். இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து ரொட்டியும் தண்ணீரும் வைத்தான். பிறகு அது மூன்று நாளானது, நான்கு நாளானது.

கட்டில் ஜன்னலோரம். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு டப்பாவில் கொஞ்சம் சில்லறை. சந்தில் செருப்புச் சத்தம் கேட்டால், இடது கையால் ஒரு காசைக் கம்பி வழியே வெளியே தள்ளுவார். அந்தச் சந்துக்குள் தினமும் நுழைகிற ஒரே ஆள் கோழி.

முதல் நாள் எடுத்த காசில் தூசியே இல்லை. இப்போதுதான் விழுந்தது என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்ததால்தான் வேகமாக நடந்தார். மூன்றாம் நாள் காசு இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. காலால் அமுக்கி நிறுத்தி, எடுத்துப் பையில் போட்டார். தலைக்கு மேலே கம்பியில் எதுவோ தட்டுகிற சத்தம். காகம் என்று நினைத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் காசை மனைவி முகர்ந்து பார்த்தாள். ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள் அவள்.

“தைல வாசனை. மூத்திர வாடையும் அடிக்குது. எங்க எடுத்தீங்க?”

“அது என் ராசியான இடம். சொல்ல மாட்டேன்.”

“ராசியாம் ராசி! கையைக் கழுவுங்க. இது படுக்கையில கிடக்கிறவங்க கை பட்ட காசு.”

அவர் சிரித்தார். ஆறாம் நாள் காசுக்குப் பதில் ஒரு பட்டன். ஏழாம் நாள் பல் உடைந்த சீப்பு. எட்டாம் நாள் சந்தில் இரண்டு முறை நடந்தும் ஒன்றுமில்லை.

“என் ராசி போச்சுடி” என்றார் வீட்டில். “காசு தீர்ந்து பட்டன் விழுந்துது, சீப்பு விழுந்துது. இன்னிக்கு அதுவும் இல்ல.”

மனைவி அடுப்பை அணைத்தாள். “எங்கேருந்து விழுந்துது?”

“நான் கீழதான் பார்த்தேன்” என்றார். 

“அண்ணாந்து ஒரு தடவைகூடப் பார்க்கலையா?” அவள் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தாள்.

சந்தில் நின்று அவர் முதல்முறையாக அண்ணாந்தார். ஜன்னல் கம்பிக்கு வெளியே நான்கு விரல்கள் தொங்கின. அசையவில்லை.

முனையிலிருந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு மேலே ஓடினார். “அடுத்தவன் வீட்டுப் பூட்டு சார். போலீஸ் வந்தா?” என்றான் அவன், கையில் நெம்புகிற இரும்புக் கம்பியோடு தயங்கி.

“நான் சொன்னேன்னு சொல்லு. உடைடா!”

கதவு திறந்ததும் அடித்த நாற்றத்தில் மெக்கானிக் பின்வாங்கினான். மனைவி நேரே போய்த் தபாலம்மாவின் மூக்கருகே விரலை வைத்தாள். “மூச்சிருக்கு. தண்ணியை வாயில ஊத்தாதீங்க, புரையேறும். துணியை நனைச்சு உதட்டுல வைங்க.” ஒருக்களித்துப் புரட்டினாள். முதுகின் அடியில் படுக்கைப்புண், விரல் நுழையும் ஆழம். போன் செய்ததில், ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள்.

தபாலம்மா கண் திறந்தார். எட்டு நாளாக உச்சி வழுக்கையை மட்டும் பார்த்தவர், இப்போது பஸ் டிரைவரின் முகத்தைப் பார்த்தார். இடது கை மெல்ல நகர்ந்து அவர் சட்டை நுனியைப் பிடித்தது.

படியில் காலடிச் சத்தம். ரொட்டிப் பொட்டலத்தோடு மகன் வாசலில் நின்றான்.

“பூட்டை யாரு உடைச்சது?”

“நான்தான்.”

“எங்கம்மாவைப் பார்த்துக்க எனக்குத் தெரியும். எல்லாரும் வெளிய போங்க.”

மெக்கானிக் கம்பியை எடுத்துக்கொண்டு நழுவினான். சட்டையைப் பிடித்த தபாலம்மாவின் கை இறுகியது. டிரைவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார்.

“வண்டி வரட்டும் தம்பி. நாங்க இங்கதான் இருப்போம்.”

“நீங்க யாரு சார் இதைச் சொல்ல?”

“எட்டு நாளா இவங்க என்னைத்தான் கூப்பிட்டாங்க. நான்தான் வரல.”

மகன் பொட்டலத்தைக் கீழே வைத்தான். பிறகு திரும்பி, கதவை உள்பக்கமாகச் சாத்தி, அதை மறித்து நின்றான். ஆம்புலன்ஸ் வர இன்னும் பதினைந்து நிமிஷம் இருந்தது.