அமெரிக்க மாப்பிள்ளைக்கு ஒரு சிரிப்பு

அமெரிக்கர்களைப் பற்றி எங்கள் வீட்டில் எல்லாம் தெரிந்தவர் சித்தப்பா ஒருவர்தான். அமெரிக்காவுக்குப் போனவர் அல்ல. கடலோர ஸ்ஃபெர்ராகவால்லோவில், சுற்றுலாக்காரர் வரும் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறவர். கோடைதோறும் அங்கே வரும் அமெரிக்கர்களுக்குத் தண்ணீர் ஊற்றியவர் என்பதால் அவர் சொன்னதே எங்களுக்கு வேதம்.

அக்காவைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து மாப்பிள்ளை வருகிறார் என்றதும், ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறிய கால்சாப் பகுதியில் இருந்த எங்கள் இரண்டறை வீடு சித்தப்பாவின் கைக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டாரும் எங்களைப் போல மன்னார்தான். ஆனால் அவர் அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவராம். அக்காவுக்கு ஏற்கெனவே மூன்று சம்பந்தங்கள் தட்டிப் போயிருந்தன. இதுவும் போய்விடக் கூடாதே என்று அம்மா, தான் வேலைக்குப் போகும் சின்யோரா வீட்டுத் தரையைத் துடைக்கும்போதும் செபம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சித்தப்பா சட்டம் போட்டார். அமெரிக்கர்கள் சப்பாத்தைக் கழற்ற மாட்டார்கள், கழற்றச் சொல்லக் கூடாது. மீனைத் தலையோடு கண்டால் அருவருப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் பேசாமல் இருந்தால், தங்களைப் பிடிக்கவில்லை என்றே நினைத்துவிடுவார்கள்.

“பிள்ளை சிரிச்சுக்கொண்டே இருக்கவேணும்,” என்றார்.

அக்காவோ கேட்டால் ஓம் என்பாள், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. ஒரு கிழமை முழுக்க அவளுக்குச் சிரிக்கப் பழக்கினார்கள். அப்படியும் நம்பிக்கை வராமல் ஒன்பது வயதான என்னைக் காவலுக்கு வைத்தார் சித்தப்பா. அவள் அமைதியாகிவிட்டால் பின்னால் நின்று கிள்ள வேண்டும். சரியாகச் செய்தால் ஒரு ஜெலாத்தோ ஐஸ்கிறீம்.

மாப்பிள்ளையும் தாயும் வந்தார்கள். வாசலில் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவர்களைச் சித்தப்பா பிடித்து நிமிர்த்தி உள்ளே கூட்டிவந்தார். மாதா படத்துக்குக் கீழே சப்பாத்துக் காலோடு கூசிக்கூசி இருந்தார்கள். சாப்பாட்டில் அந்தத் தாய் குழம்பை இரண்டு தரம் கிளறிப் பார்த்தார்.

“மீன் தலையை என்ன செய்தனீங்கள்?”

அம்மா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா ஐஸ் எடுக்கப் போய்விட்டார்.

பிறகு இருவரையும் கதைக்கச் சொல்லி பால்கனிக்கு அனுப்பினார்கள். துணைக்கு நான். அதுவரை மாப்பிள்ளை என்ன சொன்னாலும் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் தெருப்பக்கம் திரும்பினார். பிறகு சொற்களைத் தேடித் தேடித் தமிழில் சொன்னார்: “அப்பா போன வருசம் செத்துப்போனார். இப்ப வீட்டிலை அம்மாவும் நானும் மட்டும்தான்.”

அக்கா சிரிப்பை விட்டுவிட்டு அவரையே பார்த்தாள். நான் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். அவள் பேசவே இல்லை. கிள்ளினேன், நன்றாகவே. பழக்கியபடியே சத்தமாகச் சிரித்துவிட்டாள் அக்கா.

அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

அடுத்த கிழமை தொலைபேசியில் பதில் வந்தது. பிள்ளைக்கு வெளிநாட்டுப் பழக்கம் கூடிப்போச்சுதாம், தங்களுக்கு அடக்கமான பிள்ளை வேண்டுமாம். அமெரிக்காவிலிருந்து வந்த சொல் இது! முகத்துக்கு முன்னால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அமெரிக்கர்கள் எல்லாரும் இப்படித்தான் என்றார் சித்தப்பா. அம்மா மீன் தலையைச் சொல்லிச் சொல்லி அழுதார். பிறகு ஒரு சம்பந்தமும் வரவில்லை. கிள்ளியதை மட்டும் அக்கா யாரிடமும் சொல்லவில்லை.

ஜெலாத்தோவைச் சித்தப்பா மறந்துவிட்டார். ஞாயிறு பூசை முடிந்ததும் பொலிதேயாமா சதுக்கத்துக்குக் கூட்டிப்போய் அக்காதான் வாங்கித் தந்தாள். அவளுக்கு ஏன் வாங்கவில்லை என்று கேட்டேன்.

“நீ தின். உன்ரை வேலையை நீ சரியாத்தானே செய்தனி,” என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. கடைசிவரை நக்கித் தின்றேன்.