அப்பாவைப் பற்றிய சத்தியக் கடதாசி

என் அப்பா எங்களைக் கைவிட்டு வேறொரு பெண்ணோடு போய்விட்டார் என்று அரசாங்கத்துக்குச் சத்தியம் செய்து கொடுத்தவர் என் அம்மா. அது பச்சைப் பொய். அந்தப் பொய்யில்தான் அக்கா பல்கலைக்கழகம் படித்தாள்.

அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். போர் முடிந்து உடையார்கட்டில் மீள்குடியேறி, தகரக் கொட்டிலிலிருந்து கல்வீட்டுக்கு வந்த புதிது. அக்காவுக்குக் கண்டிப் பக்கத்தில் கம்பஸ் கிடைத்திருந்தது. ஊரே வந்து வாழ்த்தித் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனது. படிப்பு இலவசந்தான். ஆனால் படிக்கிற பிள்ளை சாப்பிடவும் வேண்டும், ஓரிடத்தில் படுக்கவும் வேண்டும். அம்மாவோ கச்சான் கடலை பிடுங்கக் கூலிக்குப் போகிறவர். வறிய பிள்ளைகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவிப்பணம் கொடுக்கும், கிராம அலுவலரான விதானையார் வருமானத்தை உறுதிப்படுத்திக் கையெழுத்து வைத்தால் போதும் என்றார்கள். எங்களைவிட வறியவர்களை விதானையார் எங்கே போய்த் தேடப் போகிறார் என்று அம்மா சிரித்துக்கொண்டே புறப்பட்டார். நானும் கூடப் போனேன்.

விதானையார் நல்ல மனிதர். கதிரையை இழுத்துப் போட்டு அம்மாவை இருக்கச் சொன்னார். விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“தகப்பன் உயிரோட இருந்தால் அவற்ரை வருமானத்தைப் போடோணும். இல்லையெண்டால் மரணச் சான்றிதழ் வைக்கோணும். ரெண்டும் இல்லாமல் அனுப்பினால் திருப்பி அனுப்பிப் போடுவினம் அம்மா.”

“காணாமல் போனவர் எண்டு எழுதுங்கோவன்.”

“அதுக்கு இதிலை இடமில்லையே.”

அப்பா சண்டையின் கடைசி நாட்களில், தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று பங்கரைவிட்டுப் போனவர். செத்துக் கிடந்ததைக் கண்டவர் யாருமில்லை. ஆட்களை ஆமி ஏற்றிப் போன பஸ் ஒன்றில் அவரைக் கண்டதாக ஒரே ஒருவர் சொன்னார். அந்த ஒரு கதையைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா நெற்றியில் குங்குமம் வைத்து வந்தார். மரணச் சான்றிதழ் எடுப்பது லேசு, நட்டஈடும் கிடைக்கும் என்று விதானையார் தயங்கித் தயங்கிச் சொன்னதும் அம்மா எழுந்துவிட்டார்.

“என்ரை வாயாலை அவர் செத்திட்டார் எண்டு சொல்லச் சொல்லுறியளோ?”

செத்தவனுக்கு அந்தத் தாளில் இடமிருந்தது. உழைக்கிறவனுக்கும் இடமிருந்தது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு ஒருவரைக் காணவில்லை. அவர்களுக்கென்று ஒரு வரி விட வேண்டும் என்று அதை அச்சடித்த புண்ணியவான்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கம்பஸ் வேண்டாம், கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறேன் என்றாள் அக்கா. சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து அழுதாள். விஷயம் கேள்விப்பட்டு அம்மாவின் தமையன், எங்கள் மாமா, சைக்கிளில் வந்து இறங்கினார். மாமாவிடம் எதற்கும் ஒரு சுத்துமாத்து வழி இருக்கும்.

“செத்தவர் எண்டு சொல்ல வேண்டாம் தங்கச்சி. விட்டிட்டுப் போட்டார் எண்டு சொல்லுவம். ஜே.பி.யிட்டைச் சத்தியக் கடதாசி ஒண்டு முடிச்சுக் குடுத்தால், விதானை உன்ரை கூலியை மட்டும் எழுதிவிடுவார்.”

அம்மா வாயில் வந்தபடி திட்டப் போகிறார் என்று மாமாவே பயந்திருப்பார். அம்மா குசினிப் பக்கம் ஒருக்கால் திரும்பிப் பார்த்தார். பிறகு, “ஓம் அண்ணை, அப்பிடியே செய்வம்” என்றார்.

ஜே.பி. என்ற சமாதான நீதவான், ஓய்வுபெற்ற தபாலதிபர். மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, “ஆரோட போனவர்? இப்ப எங்கை இருக்கிறார்?” என்று கேட்டார். மாமா இதையெல்லாம் யோசித்து வைக்கவில்லை, தொண்டையைச் செருமினார். அம்மா முந்திக்கொண்டார்.

“வவுனியாப் பக்கம் ஒரு மனுசியோட இருக்கிறார். நல்ல மனுசியாம் ஐயா. நேரத்துக்குச் சமைச்சுக் குடுத்து வடிவாப் பாக்கிறாவாம்.”

ஜே.பி. எழுதுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் முத்திரையைக் குத்தினார். பக்கத்தில் நின்ற எனக்குக் காது கொதித்தது. இவ்வளவு நாளும் பெரியவர்கள் எனக்கு ஒளித்து வைத்திருந்த உண்மை இதுதான் என்று நம்பிவிட்டேன். அப்பா வரவேண்டும் என்று தினமும் பிள்ளையாரிடம் கேட்டுக்கொண்டிருந்தவள், அன்றோடு அதை விட்டேன்.

அக்கா கம்பஸ் போனாள். உதவிப்பணம் சிலவேளை பிந்தி வரும்; ஊர் வாய் ஒருநாளும் பிந்தவில்லை. அப்பாவின் தங்கை, என் மாமி, வேலிப் படலையில் நின்று, “என்ரை அண்ணனைப் பொம்பிளைப் பொறுக்கியாக்கிப் போட்டியேடி, நல்லாயிருப்பியோ?” என்று கத்திக் குளறிவிட்டுப் போனவர், பிறகு எங்கள் வாசல் மிதிக்கவில்லை. விட்டுவிட்டுப் போனவனுக்கு இன்னும் எதற்குப் பொட்டு என்று தோட்டத்துப் பெண்கள் அம்மாவின் காதுபடவே கேட்டார்கள். அம்மா குனிந்த தலை நிமிராமல் கச்சான் பிடுங்கினார். பள்ளிக்கூடத்தில் என்னிடமும் கேட்டார்கள். நான் இரண்டு பேரைக் கடித்தேன்.

அடுத்த வருடம் காணாமல் போனவர்களின் விபரம் பதிய அரசாங்க ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று அறிந்து, அம்மா அப்பாவின் படத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். அதற்கும் விதானையாரின் கையெழுத்து வேண்டும். அவர் அம்மாவின் முகத்தைப் பார்க்கவேயில்லை.

“விட்டிட்டுப் போட்டார் எண்டு நானே உறுதிப்படுத்தி அனுப்பினனான் அம்மா. அதே ஆளைக் காணேல்லை எண்டு எப்பிடி எழுதுறது? மகளின்ரை காசும் நிண்டுபோம்.”

அம்மா படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் பைக்குள் வைத்தார். திரும்பி வரும் வழியில் என் பொறுமை போய்விட்டது.

“அந்தாளை ஏனம்மா தேடுறியள்? அவர் உண்மையாவே அந்த மனுசியோடதானே இருக்கிறார்?”

அம்மா வெயிலில் நின்று என்னையே பார்த்தார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தவர் போலிருந்தது. ஆனால் சொல்லவில்லை.

“ஓம் பிள்ளை. இருக்கிறார்,” என்றார். பிறகு தனக்குத்தானே இன்னொருமுறை, “இருக்கிறார்” என்றார்.

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்திருந்தது. கண்ணும் நிறைந்திருந்தது. இன்னொருத்தியோடு போன புருஷனைப் பற்றிச் சொல்லும்போது ஒருத்திக்கு முகம் இப்படி மலருமா? சூடு சொரணை இல்லாத மனுசி என்று நினைத்தேன். அவர் கையை உதறிவிட்டு, வீடு வரும்வரை முன்னால் தனியே நடந்தேன்.