டிக்கெட் வாங்காத மலை: கல்வராயனில் ஒரு கால்பந்து இறுதியாட்டம்

நான் வியாசர்பாடிக்காரி. எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே பந்தையும் உதைக்கப் பழகிவிடும். ஆனால் எனக்குப் பைத்தியம் பாதி பந்தின் மேல், பாதி கூட்டத்தின் மேல். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று கேலரியைப் பார்க்கிறவள் என்று வீட்டில் ஓயாமல் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். சென்னையில் பெரிய ஆட்டங்களுக்குப் போய் வயிறெரிந்ததுதான் மிச்சம். போனில் பார்த்தால் டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று காட்டும். எப்படியோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனால் பாதி நாற்காலி வெயில் காய்ந்துகொண்டிருக்கும்.

இந்தப் புலம்பலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன அலுவலகத் தோழி ஒருத்தி, கள்ளக்குறிச்சிக்காரி, ஒருநாள் சொன்னாள்: "பொங்கலுக்கப்பறம் எங்க ஊரு பக்கம் செவன்ஸ் நடக்கும். சம்பளத்துக்கு ஆடற ஆளுங்களக் கேரளாவுல இருந்தெல்லாம் எறக்குவாங்க. பைனல் எப்பவும் கச்சிராயபாளையத்துலதான். இந்த வாட்டி மலை மேலயாம். போயி பாரு, அப்பறம் பேசு."

ஒரு பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுவதால் அதற்குச் செவன்ஸ் என்று பெயர். மலை மேல் கேலரி கட்டி, டிக்கெட் போட்டு இறுதியாட்டம் என்று கேட்டதும் எனக்குக் கால் நிற்கவில்லை. பொங்கல் கழிந்த இரண்டாவது ஞாயிறு என்றார்கள். சனிக்கிழமை இரவே கிளம்பிவிட்டேன்.

சென்னையிலிருந்து போகிறவர்கள் திருச்சி பஸ் எதில் ஏறினாலும் உளுந்தூர்பேட்டையில் இறங்கிக்கொள்ளலாம். அங்கிருந்து கள்ளக்குறிச்சிக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே டிபனை முடித்துவிடுங்கள், மலையில் பத்து மணிக்கு மேல் இட்லி கிடைக்காது. கச்சிராயபாளையத்துக்கு டவுன் பஸ் அடிக்கடி இருக்கிறது. அதற்கப்பால் கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறும் பஸ் குறைவு, அதனால் ஐம்பது ரூபாய் கொடுத்து ஷேர் வேனில் ஏறினேன். கரும்புத் தோட்டங்கள் முடிந்ததும் வளைவுகள் ஆரம்பிக்கின்றன. வயிறு புரட்டுகிறவர்கள் டிரைவருக்குப் பக்கத்தில் இடம் பிடிப்பது நல்லது. டிரைவர் வாய் ஓயாமல் பேசினார், ஆனால் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பைனலுக்காமா? டிக்கெட்டு எடுத்தாச்சா?"

"அங்க போய்தான் எடுக்கணும்."

"எடுங்க எடுங்க. ஜாஸ்தி பேரு எடுக்கமாட்டாங்கன்னு கான்ட்ராக்டரு பொலம்பிக்கினு கீறாரு. கிரவுண்ட சுத்தி மலை. மேல குந்தினா சும்மாவே தெரியும். எவன் துட்டு குடுப்பான்?"

வெள்ளிமலையைத் தாண்டி மூங்கிலேரி என்ற சின்ன ஊரில் இறக்கிவிட்டார். டிரைவர் சொன்னது சரிதான். தட்டையான ஒரு மைதானம், மூன்று பக்கமும் எழும்பும் சரிவு. மைதானத்தின் இரு ஓரங்களிலும் சவுக்குக் கழிகளைக் கட்டிப் பலகை போட்டுப் படிப்படியாகக் கேலரி. சுற்றிலும் பச்சைத் துணித் தட்டி, ஒரே ஒரு வாசல், அதன் பக்கத்தில் மேசை போட்டு டிக்கெட். விலை ஐம்பது ரூபாய். நான் வாங்கியபோது மணி பன்னிரண்டு. எனக்கு முன்னால் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை.

வாசலுக்கு எதிரே வள்ளியின் சாப்பாட்டுக் கடை. இந்த ஆட்டம் மலைக்கு வந்ததே அவளால்தான் என்பது சோறு தின்ற அரைமணி நேரத்தில் தெரிந்தது. முப்பது வயதிருக்கும். அவள் தம்பிதான் மலை அணியின் கோல்கீப்பர்.

"மூணு வருசமா பைனலு ஆடறான்க்கா. ஒரு வாட்டி கூட நான் பாத்ததில்ல. கீழ மேட்ச்சு முடியறதுக்குள்ள மேல வர்ற கடைசி பஸ்ஸு போயிடும். மலையில இருக்கற யாருமே பாத்ததில்ல. கீழ்நாட்டு சனம் மட்டும் குந்திகினு அவங்க டீமுக்குக் கத்தும். இவன் ஒத்தையா நின்னுகினு இருப்பான். அதான் கான்ட்ராக்டர் அண்ணங்கிட்ட ஒத்தக் கால்ல நின்னு கேட்டேன். 'சரி, ஒரே ஒரு வாட்டி. கேலரி ரொம்பலன்னா அன்னிக்கே கீழ எறக்கிடுவேன், அப்பறம் மலை பக்கமே தல வெச்சி படுக்கமாட்டேன்'னு சொல்லிட்டாரு."

இந்தப் போட்டியைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் கான்ட்ராக்டர் செல்வத்தையும் பார்த்தேன். கச்சிராயபாளையத்தில் கரும்புக்காரர், நல்ல நிலபுலன், வெள்ளை வேட்டி. ஆட்டக்காரர்களுக்கும் கேலரிக்கும் கைக்காசைப் போட்டிருக்கிறார். மோசமான மனிதர் இல்லை, பயந்துபோன மனிதர். பக்கத்தில் இரண்டு பஸ்கள் நிறுத்தியிருந்தார். மூன்று மணி வரை பார்ப்பது, இல்லையென்றால் இரண்டு அணியையும் ஏற்றிக்கொண்டு போய் விளக்கு வெளிச்சத்தில் கீழே ஆட்டத்தை நடத்திவிடுவது என்பது அவர் கணக்கு.

ஒரு மணிக்கு மேல் மலை அசைய ஆரம்பித்தது. கடுக்காய் மரங்களுக்கு நடுவிலிருந்து, மரவள்ளிக் கொல்லைகளுக்கு ஊடாக, எனக்குப் பாதை என்றே தெரியாத இடங்களிலிருந்தெல்லாம் மனிதர்கள் இறங்கினார்கள். ஊர் ஊராக வந்தார்கள். முன்னால் பெரியவர்கள், நடுவில் இடுப்பில் பிள்ளைகளோடு பெண்கள், பின்னால் இளவட்டங்கள். எல்லாரும் திருவிழாவுக்கு உடுத்துவது போல உடுத்தியிருந்தார்கள். நான் எத்தனையோ மைதானம் பார்த்திருக்கிறேன், ஒரு காடே கிளம்பி ஆட்டம் பார்க்க வந்ததைப் பார்த்ததில்லை.

ஆனால் ஒருவரும் வாசலுக்கு வரவில்லை. சரிவில் பாதியிலேயே ஊர் ஊராக உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டரை மணிக்கு மூன்று பக்கச் சரிவும் தலைகளாகத் தெரிந்தன. கேலரியில் நானும் கீழிருந்து வந்த கொஞ்சம் பேரும் புளியங்கொட்டை சிதறினது போல அங்கங்கே உட்கார்ந்திருந்தோம்.

மூன்று மணி ஆனதும் செல்வம் வெடித்தார். "பாத்தியா வள்ளி? நான் அன்னிக்கே சொன்னேன். ஓசியில பாக்கத்தான் வந்துகீறாங்க. டேய், வண்டிய ஸ்டார்ட் பண்ணு!"

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வள்ளியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் தம்பி கையுறையை மாட்டிக்கொண்டு கோல் கம்பத்தடியில் நின்று சரிவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிடுகிடுவென்று சரிவில் ஏறினாள். முதல் ஊர்க்காரர்களிடம் குனிந்து ஏதோ கேட்டாள். திரும்பி ஓடிவந்தபோது மூச்சு வாங்கியது, ஆனால் கண்ணில் வேறு வெளிச்சம்.

"அண்ணே, எல்லா ஊருக்கும் சொல்லிட்டேன்னு சொன்னீங்களே, எப்படி சொன்னீங்க?"

"எப்படின்னா? நோட்டீஸ் ஒட்டினேன். ஆட்டோவுல மைக்கு கட்டி ரெண்டு நாளு சுத்த வுட்டேன்."

"பாக்கு வெச்சீங்களா?"

"இன்னாது?"

"வெத்தல பாக்கு. ஊருக்கு ஊரு வெச்சி கூப்ட்டீங்களா?"

செல்வம் என்னைப் பார்த்தார், நான் ஏதோ தீர்ப்பு சொல்லப்போகிறவள் போல. "கல்யாணத்துக்கு வெப்பாங்க, காது குத்துக்கு வெப்பாங்க. புட்பால் மேட்ச்சுக்கு எவனாவது பாக்கு வெப்பானா மேடம்?"

"எங்க மலையில வெப்பாங்க" என்றாள் வள்ளி. "மைக்குல கத்தினா அது சேதிதான், அழைப்பு இல்ல. வேடிக்க பாக்க அழைப்பு வாணாம், அதான் மேல குந்திகினு கீறாங்க. உள்ள வந்து குந்தணும்னா கூப்புடணும். கூப்புடாத பந்தல்ல எப்படி நொழயறதுன்னு கேக்கறாங்க."

"சரி, நீ போயி வெய்யி."

"மேட்ச்சு உங்களுது. நீங்கதான் வெக்கணும்."

அந்த இடத்தில் எல்லாம் நின்றது. கரும்புக்காட்டுச் சொந்தக்காரர் ஒருவர் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு, தன் வயலில் கூலிக்கு வெட்ட வருகிறவர்கள் முன்னால் போய்க் குனிய வேண்டும். செல்வம் பஸ்ஸைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், கோல் கம்பத்தடியில் நின்ற பையனைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

வள்ளி கடையிலிருந்த வெற்றிலை முழுவதையும் தட்டில் அடுக்கினாள். பாக்குப் பையைத் தூக்க ஆள் இல்லாததால் என் கையில் கொடுத்தாள். அப்படியாகத்தான், சென்னையிலிருந்து ஆட்டம் பார்க்க வந்த நான், அழைக்கிற வீட்டுக்காரியாகச் சரிவேறினேன். செல்வம் ஒவ்வொரு ஊரின் முன்னாலும் நின்றார். முதல் ஊரில் அவருக்குக் குரலே வரவில்லை. "மேட்ச்சு வெச்சிருக்கேன்... குடும்பத்தோட வரணும்." ஒரு பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "வரோம்பா" என்றார், அவ்வளவுதான். அந்த ஊர் மொத்தமும் எழுந்தது. மூன்றாவது ஊருக்குள் செல்வத்துக்குக் குரல் திறந்துகொண்டது, கடைசி ஊரில் பெண்களிடம் பிள்ளைகளின் பெயரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

சரிவு அப்படியே இறங்கி வாசலுக்கு வந்தது. செல்வம் பதறிப்போய், "டிக்கெட்லாம் வாணாம், வாங்க வாங்க, உள்ள போங்க" என்று கையை விரித்தார்.

வரிசையின் முன்னால் நின்ற ஓர் அம்மா முறைத்தார். "இன்னா பேச்சு இது? கூப்ட்டுட்டு சும்மா வர சொல்றியா? மொய்யி வெக்காத வூட்டுக்காரங்களா நாங்க?"

இப்போது செல்வத்துக்குப் புரிந்தது. எனக்கும் அப்போதுதான் புரிந்தது. ஐம்பது ரூபாய் நோட்டுகளை மடித்து, வலது கையால், கல்யாண வீட்டில் கொடுப்பது போல மேசையில் வைத்தார்கள். சென்னையில் எத்தனை கவுன்ட்டர்களில் இடிபட்டிருக்கிறேன், ஒருவர் முகத்திலும் டிக்கெட் வாங்கும்போது இந்தப் பெருமையைக் கண்டதில்லை. செல்வம் நம்பிக்கையில்லாமல் குறைவாகவே அச்சடித்திருந்தார், டிக்கெட் பாதிக் கூட்டத்துக்கே தீர்ந்துவிட்டது. பிறகு உள்ளே போனவர்களிடமே வாங்கி இரண்டாகக் கிழித்து, ஆளுக்குப் பாதி. சீட்டு இல்லாமல் உள்ளே போக யாரும் சம்மதிக்கவில்லை. என் டிக்கெட்டை நானே கிழித்துப் பாதியை வள்ளியிடம் கொடுத்தேன். அவளும் ஐம்பது ரூபாய் வைத்துவிட்டுத்தான் நுழைந்தாள்.

ஆட்டம் நான்கு மணிக்கு மேல் தொடங்கியது. கேலரி முனகியது, நிரம்பியது, அதன் முன்னால் தரையிலும் நெருக்கி உட்கார்ந்தார்கள். முதன்முறையாக நான் கூட்டத்தையும் பந்தையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாமல் தவித்தேன். கீழ்நாட்டு அணியில் சம்பளத்துக்கு வந்தவர்கள் அபாரமாக ஆடினார்கள், முதலில் கோல் போட்டவர்களும் அவர்கள்தான். அதற்கும் கூட்டம் கை தட்டியது, விருந்தாளியாயிற்றே. மலை அணி ஒன்றைத் திருப்பிப் போட்டுச் சமன் செய்தது. கடைசியில் கீழ்நாட்டு அணிக்கு ஒரு பெனால்டி. அத்தனை சனமும் மூச்சை அடக்கியது, தூரத்தில் ஆட்டு மணி கேட்டது. வள்ளியின் தம்பி இடது பக்கம் பாய்ந்து பந்தை வெளியே தட்டிவிட்டான். அடுத்து எழுந்த சத்தத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன், வள்ளி என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். கூடுதல் நேரத்தில் மலை அணி தோற்றுத்தான் போனது. யாரும் எழுந்து போகவில்லை.

எனக்கோ ஆட்டம் முடியும் முன்பே நழுவி பஸ் பிடிக்கிற பழக்கம். அங்கே வழியே இல்லை, வாசலில் மீண்டும் வரிசை. என்ன என்று எட்டிப் பார்த்தால், ஒவ்வொருவராகச் செல்வத்தின் முன்னால் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்: "போயிட்டு வரோம்." "நல்லா நடத்தினப்பா, வரோம்." செல்வம் கைகூப்பியபடி நின்றார். வேட்டி முட்டி வரைக்கும் செம்மண். கடைசி ஊர் சரிவில் ஏறி மறைகிற வரை கையை இறக்கவே இல்லை. பிறகு வள்ளியிடம் திரும்பினார்.

"அடுத்த வருசத்துக்கு எத்தினி கவுளி வெத்தல வேணும்?"

வள்ளி சிரித்துக்கொண்டே தம்பியைத் தேடி ஓடிவிட்டாள்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மாலையில் நல்ல குளிர், கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். மேலே போனில் சிக்னலை நம்ப வேண்டாம், ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், ஐம்பது ரூபாய்த் தாளாக இருந்தால் மரியாதை. இறங்குவதற்கு வேனை முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஆன்லைனில் தேடாதீர்கள், டிக்கெட் அங்கே இல்லை. ஒருநாள் முன்னதாகவே போய் வள்ளி கடையில் சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருங்கள், உங்களையும் யாராவது அழைப்பார்கள்.

எனக்கு அந்தக் கவலை இல்லை. நானும் வரிசையில் நின்று "போயிட்டு வரேங்க" என்றபோது, தட்டில் மிஞ்சியிருந்த ஒரே கொட்டைப்பாக்கை செல்வம் என் கையில் வைத்து, "அடுத்த தபா குடும்பத்தோட வரணும்மா" என்றார். பாதி டிக்கெட்டோடு அது என் பர்ஸில் இருக்கிறது. வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன், அடுத்த தை மாதம் யாரும் வேறு வேலை வைத்துக்கொள்ளக் கூடாது. முறையாக அழைத்திருக்கிறார்கள், போய் மொய் வைக்காமல் இருக்க முடியாது.