தரையில் படுத்த டீச்சர்

தருவைகுளத்தில் என் மகள் படித்த மழலையர் பள்ளியில் ஒரு டீச்சர் இருந்தார். பருத்த உடம்பு, எப்போதும் கசங்கிய சேலை. ‘ப’ எழுத்தைச் சொல்லிக்கொடுக்க மூன்று பிள்ளைகளை அந்த எழுத்தின் வடிவில் தரையில் படுக்கவைப்பார். ஆள் குறைந்தால் எழுத்தின் கீழ்க்கோடாகத் தானே படுத்துக்கொள்வார். பிள்ளைகள் சிரித்து உருளும்.

அதை யாரோ ஜன்னல் வழியே படம்பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். ஊரே சிரித்தது. பள்ளியின் மானம் போய்விட்டதென்று நிர்வாகம் அவரை வேலையைவிட்டு அனுப்பியது.

பையோடு வெளியே வந்தவரிடம், “வருத்தப்படாதீங்க டீச்சர்” என்றேன்.

“கம்பெடுத்து அடிக்கவளுக்கு இங்கன வேலை இருக்கு அண்ணாச்சி. பிள்ளைகளோட தரையில கிடந்த எனக்குத்தான் இல்லையாம்” என்றார்.

மறுநாள் மகளை விடப்போனேன். வகுப்பில் எல்லாரும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

“இப்பதான் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கு” என்றார், பக்கத்தில் நின்ற இன்னொரு பிள்ளையின் அப்பா.

என் மகள் என் விரலை விடவே இல்லை.