ரோட்டை மறித்தவரும் உள்ளே போனவரும்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து மெதுவாகத்தான் வரும். என்றாலும் இதை நானே எழுதுவேன் என்று மகளிடம் சொல்லிப்போட்டேன். அவள் எழுதினால் என்னை நல்லவளாக்கிப் போடுவாள்.

மெல்பேர்ணில், ரோவில்லுக்குக் கிட்ட ஒரு முதியோர் இல்லத்தில் முந்தி வேலை செய்தேன். காலையில் ஆட்களைக் குளிப்பாட்டுவது, பிறகு சக்கரக் கதிரையில் வைத்துச் சாப்பாட்டு மேசைக்குத் தள்ளிக்கொண்டு போவது. யாருக்கு எந்த மேசை என்பது என் கையில்.

அங்கே இரண்டு ஜெர்மன்காரக் கிழவர்கள் இருந்தார்கள். ஒருவர் ஹிட்லர் காலத்துச் சண்டையில் ஜெர்மன் ஆமியில் பெரிய அதிகாரி. தளபதி என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கும் அது பிடிக்கும். மற்றவர், தான் அந்த நாளில் ரயில்வேயில் வேலை செய்தவர் என்று சொல்லித் திரிந்தார். என் கறுத்தக் கை தன்மேல் படக்கூடாது என்று வந்த அன்றே கத்தினார். “வெள்ளைக் கை இண்டைக்கு லீவு,” என்று சொல்லிச் சவர்க்காரத்தைப் போட்டேன்.

தளபதிக்கு அவரில் சந்தேகம். ஒருநாள் என்னிடம் மெல்லச் சொன்னார். “அவன்ரை இடக்கையைத் தூக்கிப் பார். கமக்கட்டுக்குக் கிட்டச் சின்னதாய்ப் பச்சை குத்தியிருக்கும். எஸ்.எஸ். படைக்காரருக்கு இரத்த வகையை அதிலைதான் குத்துறவங்கள்.”

அடுத்தநாள் குளிப்பாட்டும்போது தூக்கினேன். மங்கலாக ஓர் இங்கிலீஷ் ‘ஏ’. அந்த எழுத்து எனக்கு வடிவாகத் தெரியும்.

போய்ச் சொன்னதும் தளபதி கதிரையில் அடித்துச் சிரித்தார். பிறகு வயிற்றெரிச்சலை எல்லாம் கொட்டினார். “ஹிட்லரின்ரை செல்லப்பிள்ளையள். நல்ல டாங்கி, புதுச் சப்பாத்து எல்லாம் அவங்களுக்கு. என்ரை கட்டளையை ஒருநாளும் மதிக்கேல்லை. ஆத்தங்கரையை விடவேண்டாம் எண்டு சொன்னன். சொல்லாமல் கொள்ளாமல் விட்டிட்டுப் போனாங்கள். பக்கத்திலை ஆளில்லாமல் என்ரை பெடியள் செத்தாங்கள். அங்கை இருந்த ஊரை எரிச்சதும் அவங்கள்தான். நாங்கள் மரியாதையான ஆமி.”

“ஊர் எரியேக்கை நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?” என்று கேட்டேன்.

“நாங்கள் ரோட்டை மட்டும்தான் மறிச்சனாங்கள்.”

என் கை அவருடைய கதிரைப் பிடியிலேயே நின்றுவிட்டது. எங்கள் நாட்டுச் சண்டையில் எங்கள் ஊரைச் சுற்றிவளைத்த அன்று ஒரு உடுப்புக்காரர் ரோட்டை மறித்தார்கள், வேறு உடுப்புக்காரர் உள்ளே வந்தார்கள். என் மனிசனைக் கொண்டுபோனார்கள். நான் முகாம் முகாமாய் அலைந்தேன். இவன் அவனைக் கைகாட்டினான், அவன் இவனைக் கைகாட்டினான். ஓம், நானும் நின்றேன் என்று ஒருத்தன்கூடச் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை யாராவது உடுப்புப் போட்டவன் வாயிலிருந்து கேட்காமல் சாகமாட்டேன் என்று நினைத்திருந்தேன்.

அன்று மத்தியானம் இரண்டு பேரையும் ஒரே மேசையில் முகத்துக்கு முகம் இருத்தினேன். இரண்டு பேராலும் எழும்பி நடக்க ஏலாது. ஒரே நாடு, ஒரே பாசை, பாவம் கதைக்கட்டும் என்று மனேஜரிடம் சொன்னேன். நல்ல யோசனை என்று அவ என் தோளில் தட்டினா.

மூன்று வேளையும் அப்படித்தான். தளபதி கோப்பையை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார்.

“என்னை வேறை மேசைக்கு மாத்து,” என்றார்.

“நானும் நிண்டனான் எண்டு சொல்லுங்கோ, இப்பவே மாத்திறன்.”

“நான் ஒண்டும் செய்யேல்லை!”

மற்றவர் ரயில்வேக் கதையை மறந்து, சூப்பை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார். “இவர் சொல்லமாட்டார். நாங்கள் எரிச்சிட்டுத் திரும்பி வர, தடையை விலத்தி வழி விட்டது ஆர்? வெள்ளைக் கையுறையோடை சலூட் அடிச்சது ஆர்? எனக்கெண்டாலும் கையிலை அடையாளம் இருக்கு. இவருக்கு அதுவும் இல்லை.”

தளபதி கரண்டியைக் கீழே வைத்தார். நான் அவருடைய வாயைத் துடைத்துவிட்டேன். மேசையை மாற்றவில்லை.

குளிர்காலம் முடியுமுன் மற்றவர் செத்துப்போனார். அன்று தளபதி நிம்மதியாக மூச்சு விட்டதைப் பார்த்தேன். “இனி அவன்ரை கதிரையை எடு,” என்றார்.

“சொல்லுங்கோ, எடுக்கிறன்.”

அவர் சொல்லவில்லை. அவர் சாகும்வரை அந்த வெறும் கதிரைக்கு முன்னால்தான் அவரைக் கொண்டுபோய் விட்டேன். பாவமாக இருந்ததா என்று மகள் கேட்டாள். இல்லை என்றுதான் எழுதுகிறேன்.